புதிதாக ஒன்றும் வாங்காமல் ஒரு வருடம்: மட்டக்களப்பு வீடொன்றிலிருந்து முழுமையான வழிகாட்டி

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அந்த மாதம் பார்த்து எங்கள் வீட்டு வாளி வெடித்தது. கல்லடியில் ஒரு கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். முற்றத்தில் நின்று, அடுப்பில் சூடாக்கிய கம்பியால் வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் உருக்கி ஒட்டினேன். (இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், புகை நல்லதில்லை.) பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஒழுகவில்லை. அந்த வாளி இன்றைக்கும் கிணற்றடியில் கிடக்கிறது.

அடுத்த தைப்பொங்கலன்று நானும் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு வருடத்துக்குப் புதுப்பொருள் எதுவும் வாங்குவதில்லை. நான் ஆசிரியை, அவர் எழுதுவினைஞர், பிள்ளைகள் இரண்டு. இப்படி ஒரு வீடு அந்த வருடத்தை எப்படிக் கடந்தது, எங்கே சறுக்கியது, நீங்கள் தொடங்குவதானால் எதை முதலில் செய்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதியது. கொழும்பில் இருப்பவர்களுக்குச் சில இடங்கள் பொருந்தாது.

முதலில் விதியை எழுதுங்கள்

வாயால் சொன்ன விதி இரண்டு கிழமைகூடத் தாங்காது. ஒரு பழைய கொப்பியை எடுத்து எழுதிவிடுங்கள்.

இந்த யோசனை நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. 2006 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் நண்பர்கள் சிலர், ஒரு வருடத்துக்குப் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ‘காம்பாக்ட்’ என்பது அதன் பெயர். உணவு, மருந்து, உள்ளாடை போன்றவற்றுக்கு அவர்களும் விலக்கு வைத்திருந்தார்கள். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டு நம்முடைய ஊருக்கு ஏற்றமாதிரி நீட்டினோம்.

சாப்பாடு, மருந்து, சவர்க்காரம், உள்ளாடை, பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து, நுளம்பு வலை, இவையெல்லாம் புதிதாக வாங்கலாம். உயிரோடு சம்பந்தப்பட்டவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெல்மெட்டை ஒருபோதும் பாவித்ததாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசிந்துவிடும், வெளியே ஒரு கீறலும் தெரியாது. சமையல் கேஸ் குழாய், ரெகுலேட்டர், மோட்டார் சைக்கிள் பிரேக், வீட்டு மின்சாரத்தின் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் இதே வகைதான். திருத்துவதற்குத் தேவையான உதிரிப்பாகங்களுக்கும் தடை இல்லை. சிப் அறுந்தால் சிப், ரியூப் வெடித்தால் ரியூப்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தது மருதமுனைத் தறிச் சாரத்தில். அது புதுசா இல்லையா? புதுசுதான். ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்தது. கடைசியில், கையால் செய்த பொருளைச் செய்தவரிடமே வாங்குவதானால் ஆளுக்கு வருடத்தில் ஒன்று என்று முடிவானது. பன்பாய், பனையோலைப் பெட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வந்தன. கடும் கொள்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் பாடு.

அலுமாரியை வெயிலில் போடுங்கள்

இதற்கு நல்ல காலம் மாசி, பங்குனி. நவம்பரில் தொடங்கும் மழை ஓய்ந்து, அலுமாரிக்குள் பூஞ்சணம் மணக்கும் நேரம். ஒரு சனிக்கிழமை எல்லா உடுப்பையும் கொடியிலும் பாயிலும் போட்டுவிடுங்கள். காய்கிற நேரத்தில் எண்ணுங்கள்.

எனக்கு எத்தனை சேலை இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் இருபத்தைந்து என்று சொல்லியிருப்பேன். எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்று. அவற்றில் ஏழு, பிளவுஸ் தைக்காமல் மடித்தபடியே கிடந்தன. வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். அதற்குள் ஒன்பது பழைய சார்ஜர், மூன்று வேலை செய்யாத போன், ஒரு ரேடியோவின் பாதி. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

மூன்று குவியல் போடுங்கள்: பாவிப்பவை, திருத்த வேண்டியவை, மற்றவருக்குப் போக வேண்டியவை. திருத்த வேண்டியவற்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தால் அடுத்த மாசி வரைக்கும் அங்கேதான் இருக்கும். ஒரு பையில் போட்டு வாசலிலேயே தொங்க விடுங்கள், வெளியே போகும்போது கையில் தட்டுப்படட்டும். உள்ளே திரும்புகிற உடுப்புகளுக்கு இடையில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஒருநாள் உதவும்’ என்று பழைய ரயர், உடைந்த பேசின், ரின் எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் சேர்க்கும் பழக்கம் இந்தக் கட்டத்தில்தான் தொடங்கும். எங்கள் வீட்டிலும் தொடங்கியது. மழைத்தண்ணீர் தேங்கினால் அது டெங்கு நுளம்புக்கு வீடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் உங்கள் சிக்கனக் கொள்கையை அவருக்கு விளக்க முடியாது. கூரைக்குக் கீழே வைக்க முடியாததை வைத்திருக்காதீர்கள்.

வெட்கத்தைப் பற்றி ஒள்ளுப்பம்

அடுத்த படிகளுக்குப் போவதற்கு முன் இதைப் பேசித்தான் ஆகவேண்டும். காசு இல்லாமல் இந்த முயற்சி தோற்பதில்லை. வெட்கத்தில்தான் தோற்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் முகாமில் இருந்தோம். மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்பு வந்தது. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையும், கிழிந்த காற்சட்டையும், ஒற்றைச் சப்பாத்தும் கலந்து கிடந்தன. அம்மா ஒரு மூட்டையைக் கிளறிப் பார்த்துவிட்டு எழும்பி வந்து, இரண்டு நாளாக உடுத்திருந்த அதே ஈரச் சேலையோடு இருந்தாள். மற்றவர் எறிந்ததை உடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்ற அந்த முகம் எனக்கு மறக்காது. நமது கரையோரத்தில் ஒரு தலைமுறைக்கே பாவித்த உடுப்பென்றால் அந்த மூட்டைதான் ஞாபகம் வரும். இதைத் தெரியாமல், ‘பாவித்த உடுப்பு வாங்குங்கள், சூழலுக்கு நல்லது’ என்று மட்டும் சொல்லுகிற ஆட்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பெத்தாவின் அட்டியலை உருக்கிப் பேத்திக்குச் சங்கிலி செய்தால் அதைப் பழசு என்று யாரும் சொல்வதில்லை. பழைய கல்வீடு இடிக்கும்போது முதிரைக் கதவுக்கு நான் முந்தி நீ முந்தி என்று ஆள் வரும். தங்கத்திலும் மரத்திலும் இல்லாத வெட்கம் துணியில் மட்டும் இருக்கிறது. நான் கண்ட வழி, தெரிந்த ஆளின் கையிலிருந்து தொடங்குவது. அக்கா உடுத்த சேலை, மச்சாளின் மகனுடைய சட்டை. மறுகா நண்பர்கள். முன்பின் தெரியாதவரின் உடுப்புக்கு வர எனக்கு ஏழு மாதம் எடுத்தது. அம்மா கடைசிவரை வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

திருத்துகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள்

ஒரு வருடம் வாங்காமல் இருப்பதென்றால் உங்கள் கொப்பியில் ஏழெட்டுப் பேரின் விபரம் இருக்க வேண்டும்: தையல்காரர், சப்பாத்துத் தைப்பவர், குடை திருத்துபவர், மின்சாதனம் திருத்துபவர், ஒட்டு வேலைக்காரர், தச்சர், சைக்கிள் கடைக்காரர். படுவான்கரைப் பக்கம் போனால் கம்மாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த மண்வெட்டியையும் கத்தியையும் அங்கே கொடுத்தால் தட்டித் தீட்டித் தருவார்கள்.

இவர்கள் பெரிய வீதியில் பலகை போட்டுக்கொண்டு இருப்பதில்லை. சந்தைக்குப் பின்னால், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சிலர் சொந்த வீட்டு விறாந்தையில். விளம்பரத்தில் தேடாமல் வயதான ஆட்களிடம் கேளுங்கள். மட்டக்களப்பு நகரத்தில், காத்தான்குடியில், கல்முனையில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கிறார்கள். காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையில்தான் எங்கள் மின்விசிறிக்கு உயிர் வந்தது. கூரை விசிறி நாளுக்கு நாள் மெதுவாகச் சுற்றியது. கையால் தள்ளிவிட்டால்தான் தொடங்கும். புதுசு வாங்குவதுதான் வழி என்று நினைத்திருந்தேன். கடைக்கார நானா கழற்றிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், கப்பாசிற்றர் மட்டும்தான் போயிருக்கு. இதுக்கு இன்னும் பத்து வருசம் ஆயுசு இரிக்கு” என்றார். விரல் அளவு சாமான், பெரும்பாலான கூரை விசிறிக்கு 2.5 மைக்ரோபாரட். மாற்றி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனை வீட்டில் இதே காரணத்துக்காக விசிறி பழைய இரும்புக்குப் போயிருக்குமோ!

கொண்டுபோகும்போது மூன்று விடயம். பழுது எப்படித் தொடங்கியது என்று சொல்லுங்கள், சும்மா ‘வேலை செய்யவில்லை’ என்றால் அவர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். செலவு எவ்வளவு வரும் என்று முன்னுக்கே கேளுங்கள். புதுசின் விலையில் பாதிக்கு மேல் போனால் நன்றாக யோசியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அப்புறம், பேரம் பேசிக் குறைக்காதீர்கள். நூறு ரூபாயைக் குறைத்தால் அடுத்தமுறை உங்கள் சாமான் மூலையில்தான் கிடக்கும்.

எல்லாமே திருந்தாது. கால் வெடித்த பிளாஸ்டிக் கதிரையைக் கட்டி வைத்தோம், விருந்தாளி ஒருவர் விழுந்தார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே எழும்பினார்.

வீட்டில் பழக வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை: பொத்தான் தைப்பது, மடிப்பு அவிழ்ந்ததைத் தைப்பது, சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடுவது, இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்து வெயிலில் காயவிட்டுத் திரும்ப அடைப்பது. மகனுக்கு ஒன்பது வயதில் ரியூப் ஒட்டத் தெரியும். அவனுடைய நண்பர்கள் இப்போது எங்கள் வீட்டுக்குத்தான் சைக்கிளோடு வருகிறார்கள்.

இரவல்

வருடத்தில் இரண்டு நாள் பாவிக்கும் சாமானை வாங்கிவைப்பது வீண். துளைபோடும் மெசின், ஏணி, பெரிய கிடாரம், பயணப் பெட்டி, குழந்தைத் தொட்டில் எல்லாம் எங்கள் ஒழுங்கையிலேயே ஏதோ ஒரு வீட்டில் சும்மா கிடந்தன. கதிரை, கூடாரம், பெரிய பாத்திரம் தேவையென்றால் ஊரின் மரணாதாரச் சங்கத்தைக் கேளுங்கள். அங்கத்தவராக இருந்தால் பல இடங்களில் மற்ற வைபவங்களுக்கும் சிறு கட்டணத்துக்குத் தருவார்கள். சில ஊர்களில் கோயிலிலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் பாத்திரம் இருக்கும்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. வாங்கும்போதே திருப்பித் தரும் நாளைச் சொல்லி, அவர்கள் முன்னால் கொப்பியில் எழுதுவேன். கேட்க வருமுன் கொண்டுபோய்க் கொடுப்பேன். பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பதில்லை, இரண்டு முருங்கைக்காயாவது உள்ளே இருக்கும். உடைத்தால் உடைத்தேன் என்று சொல்லித் திருத்திக் கொடுப்பேன். அப்புறம், நானும் தருவேன். எங்கள் தையல் மிசின் அந்த வருடம் பாதி நாள் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

‘இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்று பழமொழி இருக்கிறது. உண்மைதான். தினமும் தேவைப்படுவதை இரவல் கேட்கக் கூடாது. தேங்காய் துருவும் திருவலை உடைந்தபோது அயல்வீட்டுக்கு மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள் அந்த அக்கா எதுவும் சொல்லவில்லை, கதவைத் திறக்கத்தான் நேரம் எடுத்தது. அன்றைக்கே பாவித்த திருவலை தேட வெளிக்கிட்டேன்.

பாவித்த பொருளை வாங்கும்போது

இக்மன் இணையத்தளம், முகநூல் சந்தை இரண்டிலும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று விளம்பரங்கள் வருகின்றன. வெளிநாட்டுக்குப் போகும் குடும்பங்கள் வீட்டுச் சாமானை ஒட்டுமொத்தமாக விற்பார்கள், இது வாய்வழியாகத்தான் தெரியவரும். எங்கே வாங்கினாலும் பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

நமது மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரும் உப்பும். வெள்ளத்தில் நின்ற சாமான் பின்னர் மலிவாக விற்பனைக்கு வரும். பிரிட்ஜைத் திருப்பி, பின்பக்கம் அடியில் கொம்பிரசர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சேறு காய்ந்த கோடோ, ஒரே உயரத்தில் துருவோ இருந்தால் விலை எவ்வளவு என்றாலும் வேண்டாம். குழாய்ப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வாயு கசிகிறது. கதவு இறப்பருக்கு இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் இறப்பர் போய்விட்டது. (அதை மட்டும் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.) ஒரு கோப்பைத் தண்ணீரை மேல்தட்டில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஓட்டோவில் சரித்துக் கொண்டுவந்தால் வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மரத் தளபாடத்தில் விரலால் தட்டிக்கொண்டே போங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் கறையான். அடியில் மாப்போல் தூள் இருந்தால் உளுத்துப்போகிறது. பழைய முதிரை, தேக்கு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கீறல் பொலிஷில் போய்விடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலுமாரியின் கால் ஊதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பாவித்த மெத்தையும் வேண்டாம். மூட்டைப்பூச்சி உள்ளே வந்துவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு.

சைக்கிளுக்கு 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் இருந்த கிராக்கி இப்போது இல்லை. பழைய லுமாலா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் பிள்ளைகள் காலத்துக்கும் ஓடும். கடற்கரைச் சைக்கிளில் துரு பெயின்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பெடல் அச்சுப் பக்கமும் இருக்கைக் கம்பி உள்ளே போகும் இடமும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இயந்திர இலக்கமும் சேஸி இலக்கமும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பெயரை மாற்றாமல் ‘ஓபன் பேப்பரில்’ வாங்கவே வாங்காதீர்கள்.

போனில்தான் நான் ஏமாந்தேன். விலை நல்ல விலை, போன் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து அழித்துப் புதிதாகத் தொடங்கினால் முந்திய ஆளின் கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. விற்றவர் போனை எடுக்கவில்லை. ஆகவே, விற்பவர் உங்கள் முன்னாலேயே தன் கணக்கை நீக்கி, முழுவதையும் அழித்து, உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிக் காட்ட வேண்டும். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ வரும், அது பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் இருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். IMEI என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்றும் பார்க்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத போன் திருட்டுப் போனாக இருக்கக்கூடும்.

உடுப்பு எளிது. கக்கத்தையும் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு முழு நாள் வெயில். பட்டுக்கு வெந்நீர் வேண்டாம், நிழலில் காற்றாடப் போட்டால் போதும்.

வருடப்பிறப்பு, கலியாணம், சாமத்திய வீடு

சித்திரை வருடப்பிறப்புக்கு உடுக்க வேண்டிய நிறத்தையும் பஞ்சாங்கம் சொல்லும், அதுவும் புத்தாடையாக. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம், நிறம் பலமுறை வேறுபடும். இரண்டையும் பார்த்துவிட்டு அலுமாரியில் எது இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நாங்கள் அந்த ஏழு சேலையில் ஒன்றை எடுத்து மகளுக்குப் பாவாடை சட்டை தைத்தோம். ஒருநாளும் உடுக்காத துணி, அதனால் அம்மாவுக்கும் திருப்தி. மருத்துநீருக்கும் கைவிசேடத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கலியாண வீட்டுக்குப் பரிசு கொண்டுபோவதில் நான் கஷ்டப்படவில்லை. உறையில் காசு வைப்பது நமது வழக்கம்தானே. நெருங்கியவர்களுக்கு அச்சுப்பலகாரம் சுட்டுக் கொடுத்தேன், ஒட்டு மாங்கன்று வளர்த்துக் கொடுத்தேன். கஷ்டம், ஒரே பட்டுச் சேலையை மூன்று வீட்டுக்கு உடுப்பதில். முதல் தடவை ஒரு மாமி உரக்கவே கேட்டார், “இதுதானே புள்ள போன கிழமையும்?” ஓம் மாமி, எனக்குப் பிடித்த சேலை என்றேன். அதோடு முடிந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் நீளும்.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் நமது வழக்கத்தில் வீட்டோடு புதுத் தளபாடமும் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அதற்கு என்னிடம் வழி இல்லை. மகளுக்கு இப்போது பதினான்கு வயது, அந்தச் சண்டையை அப்போது பார்த்துக்கொள்வேன்.

பிள்ளைகளிடம்

பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. சிக்கல் பையிலும் கொம்பாஸ் பெட்டியிலும்தான். மகனைக் கட்டாயப்படுத்தாமல் பழைய பையைக் கழுவித் தைத்து, அவன் விரும்பிய நிறத்தில் ஒரு ஒட்டுத் துணி வைத்தோம். மகள் ஒருநாள் அழுதாள், வகுப்பில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குச் சப்பாத்து மட்டும் இல்லாமல் ஒரு புதுப் பையும் வாங்கினோம். விதியை மீறினோம் என்று கொப்பியில் எழுதினேன். திரும்ப நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கணக்கு

வருட முடிவில் கொப்பியைக் கூட்டிப் பார்த்தோம். விலக்குக்கு வெளியே புதிதாக வாங்கியவை ஐந்து: மகளின் பை, டிசம்பர் மழையில் ஒரு குடை, ஒரு மின் அழுத்தி, வீட்டுக்காரர் சொல்லாமல் வாங்கிய ஒரு ரோர்ச் லைட், ஒரு வாளி. ஆமாம், வாளி. பழையது கிணற்றடிக்கு, புதியது குளியலறைக்கு.

இரவல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டிருக்கிறது, ஒன்றைத் தவிர. என்னுடைய பச்சைப் பட்டுச் சேலையை ஒரு சாமத்திய வீட்டுக்கு உடுக்க மச்சாள் வாங்கிப் போனார். திருப்பித் தரும் நாள் என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. அது போய் இரண்டு வருடப்பிறப்பு ஆகிவிட்டது. கேட்க வெட்கமாக இருக்கிறது.